ஐம்பதைத் தாண்டிய ஆங்கில ஆசிரியர் வெளிநாடு போக நினைத்தால்: மாலத்தீவா, ஓமனா, வியட்நாமா, வீட்டிலிருந்தே ஆன்லைனா?

வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்கும் வேலை என்று இணையத்தில் தேடிப் பாருங்கள். கடற்கரையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கும் இருபத்தைந்து வயது இளைஞரின் படம் வரும். கூடவே "ஏதாவது ஒரு டிகிரி போதும், அனுபவம் தேவையில்லை" என்று ஒரு வரியும் இருக்கும். அது நமக்கு எழுதியதல்ல, அமெரிக்க, பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு எழுதியது. மெட்ரிக் பள்ளியிலோ அரசுப் பள்ளியிலோ இன்ஜினியரிங் கல்லூரியிலோ இருபது, இருபத்தைந்து வருடம் ஆங்கிலம் நடத்திவிட்டு, பிள்ளைகள் படிப்பு முடிந்து, வீட்டுக் கடனும் ஏறக்குறைய அடைந்த பிறகு, ஒரு ரவுண்டு வெளியே போய்ப் பார்த்தால் என்ன என்று யோசிக்கும் ஐம்பத்திரண்டு வயது ஆசிரியருக்கு அந்த விளம்பரங்களால் ஒரு பயனும் இல்லை. "இந்த வயசுல யார் சார் எடுப்பாங்க?" என்பதுதான் அவர் முதலில் கேட்பது. அது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் பார்க்கப்படுவது பாஸ்போர்ட். அடுத்தது பி.எட். இருக்கிறதா என்பது. அதற்கப்புறம்தான் பிறந்த தேதி.

நான் தென்மாவட்டத்துக்காரன். மாலத்தீவில் ஒரு தீவுப் பள்ளியில் வேலை பார்த்துத் திரும்பியவன். கூட வேலை பார்த்தவர்களில் சிலர் ஓமன், துபாய், வியட்நாம் என்று போயிருக்கிறார்கள். ஆகவே மாலத்தீவுப் பகுதி கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், நேரத்தை வீணாக்க வேண்டாத நாடுகளைக் கழித்துவிடலாம். தென்கொரியாவின் மொழி ஆசிரியர் விசா (இ-2) ஆங்கிலத்துக்கு ஏழு நாட்டுக் குடிமக்களுக்குத்தான்: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. 2010-இல் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரிய வர்த்தக ஒப்பந்தத்தில் இந்திய ஆசிரியர்களுக்கு ஒரு சின்ன வழி வைத்திருக்கிறார்கள். காகிதத்தில் இருக்கிறது, அதை நம்பித் திட்டம் போட முடியாது. சீனாவிலும் இதே கதைதான், ஆங்கில ஆசிரியர் என்றால் ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள நாட்டுப் பாஸ்போர்ட்டோ அங்கே வாங்கிய பட்டமோ கேட்பார்கள், அதோடு பொதுவாக அறுபது வயதில் வேலை அனுமதிக்குக் கோடு போட்டுவிடுவார்கள். 2021 ஜூலையில் டியூஷன் கம்பெனிகள் மீது அரசு கை வைத்த பிறகு அங்கே இருந்த வேலைகளே பெரிய அளவில் சுருங்கிவிட்டன.

இங்கிலாந்தைப் பற்றி வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டே இருக்கிறது, இந்திய ஆசிரியர்களுக்கு நேரடியாக அங்கே தகுதிச் சான்று கிடைக்கிறது என்று. செய்தி உண்மைதான், 2023-இல் திறந்தார்கள். ஆனால் இந்தியா உள்ளிட்ட சில நாடுகளுக்கு அது கணிதம், அறிவியல், பிறமொழி ஆசிரியர்களுக்கு மட்டும். ஆங்கிலம் அந்தப் பட்டியலில் இல்லை. (இங்கிலாந்துக்காரனுக்கு ஆங்கிலம் பிறமொழி இல்லையே!) அமெரிக்காவின் ஜே-1 ஆசிரியர் திட்டத்தில் மேல் வயது வரம்பு இல்லை, அது நல்ல விஷயம். ஆனால் விண்ணப்பிக்கும்போது நீங்கள் சொந்த நாட்டில் ஆசிரியராக வேலையில் இருக்க வேண்டும் என்பது விதி. சமீபத்தில் மேற்படிப்பு முடித்தவர்களுக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு. ரிட்டயர் ஆகிவிட்டு நிதானமாகப் போகலாம் என்று நினைப்பவருக்குக் கதவு அங்கேயே மூடிவிடும். ஐம்பது, ஐம்பத்தைந்தில் வேலையில் இருப்பவர் வேண்டுமானால் பார்க்கலாம், அதிலும் கணித, அறிவியல் ஆசிரியர்களுக்குத்தான் கிராக்கி.

சரி, மிச்சம் இருப்பவற்றுக்கு வருவோம்.

மாலத்தீவு. இங்கே நமக்கு இருக்கிற பெரிய சாதகம், இந்திய ஆசிரியர் என்பதே அங்கே சாதாரண விஷயம். பல பத்தாண்டுகளாகக் கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் ஆசிரியர்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். மாலத்தீவு மொழியான திவேஹியும் இஸ்லாமும் தவிர மற்ற பாடங்கள் ஆங்கில வழியில்தான், பத்தாம் வகுப்பில் பிள்ளைகள் எழுதுவது கேம்பிரிட்ஜ் தேர்வு. நம்முடைய எம்.ஏ., பி.எட்.டுக்கு அங்கே விளக்கம் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் உச்சரிப்பைக் கேட்டு யாரும் முகம் சுளிக்கவும் மாட்டார்கள், ஏனென்றால் அந்தப் பிள்ளைகளின் அப்பா அம்மாவுக்கே பல இடங்களில் ஒரு மலையாளி சாரோ தமிழ் மிஸ்ஸோதான் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்திருப்பார். ஐம்பதுக்கு மேற்பட்டவரை ஏற இறங்கப் பார்க்கிற பழக்கமும் அங்கே குறைவு. அனுபவம் என்பதற்கு மரியாதை இருக்கிறது. வயது வரம்பு இருந்தால் விளம்பரத்திலேயே போட்டிருப்பார்கள், இல்லையென்றால் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

திருவனந்தபுரத்திலிருந்து தலைநகர் மாலேவுக்கு விமானத்தில் ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம்தான். நாகர்கோவில், திருநெல்வேலிக்காரருக்குச் சென்னை போவதைவிட இது வேகம். வீட்டில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் அடுத்த நாள் வந்து நிற்கலாம் என்று தோன்றும். அங்கேதான் ஒரு கணக்கு விட்டுப்போகிறது. உங்கள் பள்ளி மாலேயில் இருக்கப் போவதில்லை. பெரும்பாலும் ஏதோ ஒரு அட்டோலில் (பவளத் தீவுக்கூட்டத்தில்), ஆயிரம் பேர் வாழும், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கால் மணி நேரத்தில் நடந்துவிடக்கூடிய ஒரு தீவில் இருக்கும். அங்கிருந்து மாலேவுக்கு ஸ்பீடு போட், சில தீவுகளுக்கு உள்நாட்டு விமானம். கடல் கொந்தளித்தால் போட் கிடையாது. தென்மேற்குப் பருவக்காற்று நேரத்தில் நாள்கணக்கில் காத்திருக்க நேர்ந்தவர்கள் உண்டு.

சாப்பாடு விஷயம் வயதானவர்களுக்கு நான் தனியாகச் சொல்வேன். அங்கே மீன் என்றால் சூரை, காலையில் சூரையும் தேங்காயும் பிசைந்த மஸ் ஹுனி, மதியம் சூரைக் குழம்பு. மீன் சாப்பிடுகிறவருக்குச் சொர்க்கம். சைவம் என்றால், காய்கறி எல்லாம் இறக்குமதி, சப்ளை படகு வரும் நாளில் கடையில் முண்டியடித்து வாங்கினால்தான் உண்டு, விலையும் அப்படித்தான். சர்க்கரை நோயாளிகள் கீரை, காய் என்று டாக்டர் சொன்னபடி சாப்பிடுவது சின்னத் தீவில் லேசான காரியமில்லை. தீவுக்கு ஒரு ஹெல்த் சென்டர் இருக்கும், அவசரத்துக்கு முதலுதவி கிடைக்கும், இதய டாக்டர் கிடைக்கமாட்டார். மாலத்தீவுக்காரர்களே பெரிய வைத்தியத்துக்குத் திருவனந்தபுரம்தான் வருகிறார்கள். அவர்களுக்கு அரசு கொடுக்கும் ஆசந்தா காப்பீடும் வெளிநாட்டு ஆசிரியருக்குக் கிடையாது.

இன்னொன்று, வழிபாட்டுக்கான சிலைகளைக் கொண்டுபோக அங்கே சட்டம் அனுமதிப்பதில்லை. வீட்டிலிருந்து சின்னப் பிள்ளையாரைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போய் விமான நிலையத்தில் விழிக்க வேண்டாம். காலையும் மாலையும் விளக்கேற்றிப் பழகியவருக்கு இது பெரிய விஷயமாகவே இருக்கலாம், யோசித்துக்கொள்ளுங்கள். வார விடுமுறை வெள்ளி, சனி. மது ரிசார்ட்டில் மட்டும்தான், ஊர்த்தீவில் கிடையாது. சிலருக்கு அதுவே நன்மையாக முடிந்திருக்கிறது.

பணம். சம்பளம் அந்நாட்டு நாணயமான ரூஃபியாவில் வரும். அதிகாரபூர்வமாக ஒரு டாலருக்கு 15.42 ரூஃபியா என்பதுதான் 2011-இலிருந்து இருக்கும் உச்சவரம்பு, ஆனால் அந்த விலைக்கு டாலர் கிடைப்பதுதான் பாடு. அந்நாட்டில் டாலர் தட்டுப்பாடு அடிக்கடி வரும், வந்தால் வங்கிகள் வெளிநாட்டு ஊழியர் ஊருக்கு அனுப்பும் தொகைக்கு மாத வரம்பு போட்டுவிடும். மீதியை வெளியில் அதிக விலைக்கு மாற்ற வேண்டியிருக்கும், அப்போது உங்கள் சம்பளம் காகிதத்தில் பார்த்ததைவிடக் கணிசமாகக் குறையும். மாலேயில் பாரத ஸ்டேட் வங்கி 1974-இலிருந்து இருக்கிறது, அதை மட்டும் நம்பிவிடாமல், வேலைக்கு ஒப்புக்கொள்ளும் முன், இப்போது அங்கே வேலை பார்க்கும் ஒரு ஆசிரியரிடம் "மாதம் எவ்வளவு அனுப்ப முடிகிறது?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "சம்பளம் எவ்வளவு?" என்பதைவிட இதற்கு வரும் பதில்தான் உங்களுக்கு வேண்டியது. வீடு இலவசமா, வாடகைப் படியா என்பதையும் கேளுங்கள். சின்னத் தீவில் செலவழிக்க வழி இல்லாததால், வீட்டு வாடகை மட்டும் இல்லையென்றால் சேமிப்பு நன்றாகவே நிற்கும்.

அடுத்தது வளைகுடா. இதை ஒரே நாடாகப் பேசுவது தப்பு, ஆனாலும் ஆங்கில ஆசிரியரைப் பொறுத்தவரை இரண்டு விதமான வேலைதான்: இந்தியப் பாடத்திட்டப் பள்ளி, அல்லது கல்லூரியில் முதலாண்டு அடிப்படை ஆங்கிலம்.

ஐக்கிய அரபு அமீரகம், ஓமன், குவைத், பஹ்ரைன் எங்கும் சி.பி.எஸ்.இ. பள்ளிகள் இருக்கின்றன. கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குவதால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை கொச்சியிலும் சென்னையிலும் நேர்காணல் நடக்கும். வேலை நீங்கள் ஏற்கெனவே செய்த அதே வேலை, புத்தகம்கூட அதேதான். பி.எட். இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். ஆனால் சம்பளம் ஏன் எதிர்பார்த்ததைவிடக் குறைவு என்று பலருக்குப் புரிவதில்லை. கணவர் விசாவில் ஏற்கெனவே அங்கே குடும்பத்தோடு இருக்கும் பெண்கள் பலர் இந்தப் பள்ளிகளில் ஆசிரியராக இருக்கிறார்கள். அவர்களுக்கு வீடு, விசா, டிக்கெட் எதுவும் பள்ளி தர வேண்டியதில்லை. அந்தச் சம்பள அளவுதான் சந்தை விலை. ஊரிலிருந்து தனியாகப் போகும் ஐம்பத்து மூன்று வயது ஆசிரியர் அதே சம்பளத்தில் பகிர்வு அறை எடுத்துத் தங்கிப் பணம் அனுப்ப வேண்டும். என்னைக் கேட்டால், தங்குமிடம் தராத இந்தியப் பள்ளி வேலைக்கு இந்த வயதில் போகாதீர்கள். இருபத்தெட்டு வயதில் ஆறு பேரோடு அறையைப் பகிர்ந்துகொள்ளலாம். இப்போது முதுகு ஒத்துழைக்காது.

வயதைப் பொறுத்தவரை அறுபது என்பதுதான் வளைகுடாவில் பழக்கத்தில் உள்ள கோடு. ஐம்பத்தெட்டு வயதுக்காரரைப் புதிதாக எடுத்தால் இரண்டே வருடத்தில் மாற்று ஆள் தேட வேண்டும் என்று பள்ளிகள் கணக்குப் போடும், விளம்பரத்தில் "45-க்குள்" என்று இருப்பதன் காரணமும் அதுதான். ஓமன் இதில் கொஞ்சம் வித்தியாசம். அறுபது தாண்டிய வெளிநாட்டவரை வேலைக்கு வைப்பதற்கு இருந்த தடையை 2022 தொடக்கத்தில் அங்கே நீக்கிவிட்டார்கள். அதற்காக அறுபது வயதுக்காரரைத் தேடிப்பிடித்து எடுக்கிறார்கள் என்று அர்த்தமில்லை, உள்ளே இருப்பவர் தொடரலாம் என்ற அளவில்தான் அதன் பயன். ஓமனியர்களுக்கே வேலை என்ற கொள்கையும் ஒவ்வொரு ஆண்டும் இறுகிக்கொண்டே போகிறது.

இன்ஜினியரிங் கல்லூரியில் தொடர்பாற்றல் ஆங்கிலம் நடத்திய எம்.ஃபில்., பிஎச்.டி.காரர்களுக்கு ஓமன் பள்ளியைவிடக் கல்லூரி மேல். அங்கே பட்டப்படிப்புக்கு முன் மாணவர்கள் அடிப்படை ஆங்கிலப் பயிற்சி முடிக்க வேண்டும், அதற்கு ஆசிரியர்கள் தேவைப்பட்டுக்கொண்டே இருக்கிறது. 2020-இல் அரசுத் தொழில்நுட்பக் கல்லூரிகளை ஒரே பல்கலைக்கழகமாக இணைத்தார்கள், அது தவிரத் தனியார் கல்லூரிகளும் உண்டு. மாணவர்கள் பெரியவர்கள், மரியாதையாகப் பழகுகிறவர்கள், இரைச்சல் இல்லை, தலைமுடி நரைத்திருப்பது அந்த வகுப்பில் ஒரு குறையே இல்லை. நான் பார்த்தவரை நடுத்தர வயதில் போன ஆங்கில ஆசிரியர்களில் அதிகம் குறை சொல்லாமல் இருப்பவர்கள் இந்தக் கூட்டம்தான். இருக்கையும் குறைவு, போட்டியும் அதிகம் என்பது வேறு விஷயம். சவூதியிலும் இதே மாதிரி முதலாண்டு ஆங்கில வேலைகள் உண்டு, வயதுக் கோடு அங்கே இன்னும் கறார்.

ஒரு வசதியையும் சொல்ல வேண்டும்: வளைகுடாவில் பணிக்கொடை சட்டப்படி வரும். அமீரகத்தில் முதல் ஐந்து வருடத்துக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதன் பிறகு ஆண்டுக்கு 30 நாள். அடிப்படைச் சம்பளம் என்ற வார்த்தையைக் கவனியுங்கள். ஒப்பந்தத்தில் அடிப்படையைக் குறைத்துப் படிகளை ஏற்றிக் காட்டுவது இதனால்தான்.

வியட்நாம், தாய்லாந்து, கம்போடியா மூன்றும் வேறு உலகம். இங்கே உங்கள் இருபத்தைந்து வருட போர்டு எக்ஸாம் அனுபவத்துக்கு அவ்வளவாக மதிப்பில்லை. பேசச் சொல்லிக்கொடுக்க வேண்டும், விளையாட்டு, பாட்டு, படம் காட்டும் அட்டை என்று வகுப்பை ஓட்ட வேண்டும். மொழி மையங்களில் வேலை நேரம் மாலையும் சனி ஞாயிறும். ஏழு வயதுப் பிள்ளைகள் முன்னால் குதித்துப் பாட்டுப் பாட இருபத்தைந்து வயதுக்காரரால் முடியும், மூட்டு வலி உள்ளவரால் முடியுமா என்று முதலாளி யோசிப்பதை முற்றிலும் அநியாயம் என்று சொல்லிவிட முடியாது. அநியாயம் வேறு இடத்தில் இருக்கிறது: பெற்றோருக்கு வெள்ளைக்கார முகம் வேண்டும். பிலிப்பைன்ஸ்காரருக்கும் நமக்கும் அதே வேலைக்குக் குறைந்த சம்பளம் என்பது இந்த நாடுகளில் மறைவாகக்கூட நடப்பதில்லை.

இருந்தாலும் வியட்நாமை நான் ஒதுக்கமாட்டேன். வேலை அனுமதிக்குச் சட்டத்தில் கீழ் வயதுதான் உண்டு, மேல் வயது வரம்பு இல்லை; உடல் தகுதிச் சான்று வேண்டும். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத நாட்டவர் பட்டத்தோடு கற்பித்தல் சான்றிதழும் ஆங்கிலத் திறன் சான்றும் காட்ட வேண்டும், மொழி கற்பித்தலிலேயே பட்டம் இருந்தால் கொஞ்சம் தளர்வு உண்டு. அனுமதி அதிகபட்சம் இரண்டு வருடத்துக்கு வரும், ஒருமுறை நீட்டிக்கலாம். குழந்தைகள் மையத்தை விட்டுவிட்டு, ஐ.இ.எல்.டி.எஸ். பயிற்சி, கம்பெனி ஊழியர்களுக்கான வகுப்பு, பல்கலைக்கழகம் என்று தேடினால் வயது நமக்குச் சாதகமாகத் திரும்பும். எழுத்துத் தேர்வில் ஒரு கட்டுரையைப் பார்த்த உடனே எங்கே மார்க் போகிறது என்று சொல்லக்கூடிய திறமை நம் ஊர் சீனியர் ஆசிரியர்களிடம் இருக்கிறது, அங்கே அதற்குக் காசு உண்டு. ஹோ சி மின் நகரத்துக்குத் திருச்சியிலிருந்தே நேரடி விமானம் 2023 இறுதியில் தொடங்கியது. அந்த ஊரின் நடுவில் நகரத்தார் காலத்துத் தண்டாயுதபாணி கோவிலும் தமிழர் கட்டிய மாரியம்மன் கோவிலும் இருக்கின்றன, மாரியம்மனுக்கு இன்று ஊதுவத்தி ஏற்றிக் கும்பிடுவது பெரும்பாலும் வியட்நாம்காரர்கள். மாலத்தீவில் பிள்ளையார் இல்லாமல் இருக்க முடியாதவருக்கு இது ஒரு கூடுதல் தகவல்.

தாய்லாந்தில் ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர் டோயிக் என்ற ஆங்கிலத் திறன் தேர்வில் 600 போன்ற ஒரு மதிப்பெண்ணைக் காட்ட வேண்டும், பள்ளியில் என்றால் ஆசிரியர் மன்றத்தின் உரிமமோ தற்காலிக விலக்கோ வேண்டும். அரசுப் பள்ளிகளில் அறுபதோடு முடிந்தது. ஐம்பது வயதுக்கு மேல் தாய்லாந்து ஓய்வுக்கால விசா கொடுக்கிறதே, அதை வாங்கிக்கொண்டு போய்ப் பாடம் நடத்தலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். அந்த விசாவில் வேலை செய்வது தடை. பிடிபட்டால் அறுபது வயதில் குடியேற்றத் தடுப்பு முகாமில் உட்கார வேண்டும்.

கம்போடியாவில் வயதும் பட்டமும் அவ்வளவாகப் பார்க்கமாட்டார்கள், டாலர் புழங்குகிறது, விசா நீட்டிப்பும் மற்ற இடங்களைவிட எளிது. அந்த எளிமையே சிக்கல். 2022 வாக்கில் டேட்டா என்ட்ரி வேலை, கால் சென்டர் வேலை என்று சொல்லிக் கம்போடியாவுக்கும் மியான்மரின் மியாவாடிக்கும் அழைத்துப்போய் இணைய மோசடிக் கூடங்களில் அடைத்து வைத்தார்களே, அதில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் மாட்டி மீட்கப்பட்டார்கள். வேலை பெயர் "ஆங்கில உரையாடல் பயிற்சியாளர்" என்றிருந்தாலும் பள்ளியின் பெயர், முகவரி, வகுப்பறை வீடியோ, அங்கே இப்போது வேலை பார்க்கும் ஒரு ஆசிரியரோடு பேச்சு, இவை நான்கும் இல்லாமல் நகராதீர்கள். பெரிய நோய் என்றால் அங்கிருந்து பாங்காக் போகிறார்கள் என்பதையும் சேர்த்து எண்ணுங்கள்.

வீட்டிலிருந்தே ஆன்லைன். இதை ஒப்பீட்டில் சேர்க்கக் காரணம், ஓய்வூதியம் வரும் பலருக்கு உண்மையில் வேண்டியது இதுதான், அதை அவர்கள் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். சீனப் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்து பாடம் எடுத்துக் கொழித்த காலம் 2021-இல் முடிந்துவிட்டது. இப்போது ப்ரெப்ளி, ஐடாக்கி போன்ற தளங்களில் எந்த நாட்டவரும் சேரலாம், வயது கேட்பதில்லை. ப்ரெப்ளியில் புது மாணவரின் முதல் பாடத்துக் கட்டணம் முழுவதும் தளத்துக்கே போகும், அப்புறம் தளத்தின் பங்கு 33 சதவீதத்தில் தொடங்கி, பாடம் எடுத்த மணி நேரம் கூடக் கூட 18 வரை குறையும். ஐடாக்கியில் 15 சதவீதம். ஆரம்பத்தில் மணிக்கு வைக்கும் விலையைக் கேட்டால் நம் ஊர் டியூஷனே பரவாயில்லை என்று தோன்றும். விமர்சனங்கள் சேர்ந்த பிறகுதான் விலை ஏற்ற முடியும், அதற்குப் பல மாதம் ஆகும். நேர வித்தியாசம் நமக்கு வாகானது: வியட்நாமில் இரவு ஏழு மணி என்றால் இங்கே ஐந்தரை, ஜப்பானில் ஏழு என்றால் இங்கே மூன்றரை. ராத்திரி கண்விழிக்காமல் சாயங்காலமே முடித்துவிட்டுக் காலாற நடந்துவிட்டு வரலாம். வெளிநாடு போவதற்கு முன், பெரியவர்களுக்குப் பேச்சு ஆங்கிலம் எடுக்க நமக்குப் பிடிக்கிறதா என்று பார்க்கவும் இது மலிவான வழி. மாலையில் மூன்று மணி நேரம் திரை முன்னால் பேசியே அலுத்துப்போகிறவர் ஹனோய் போய் என்ன செய்யப் போகிறார்?

ஆக, யாருக்கு எது? ஐம்பதிலிருந்து ஐம்பத்தாறு, பி.எட். உண்டு, பணம் சேர்க்க வேண்டும், உடம்பு திடம், மீன் சாப்பிடுவீர்கள் என்றால் நான் மாலத்தீவு என்பேன். முனைவர் பட்டமோ நீண்ட கல்லூரி அனுபவமோ இருந்தால் ஓமன் கல்லூரிகளுக்கு முதலில் எழுதுங்கள், மாலத்தீவு இரண்டாவது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் 2021-இலிருந்து ஓய்வு வயது அறுபது. அங்கிருந்து முழு ஓய்வூதியத்தோடு வெளியே வருகிறவருக்கு வளைகுடா ஏறக்குறைய மூடிய கதை, மாலத்தீவு சந்தேகம். வியட்நாமில் பெரியவர்களுக்கான வகுப்பும் ஆன்லைனும்தான் மிச்சம். அதில் ஆன்லைனில் தொடங்கி, பிடித்தால் வியட்நாம் என்ற வரிசையை நான் சொல்வேன். பி.எட். இல்லாத, வெறும் எம்.ஏ. உள்ள தனியார் பள்ளி ஆசிரியருக்கு வியட்நாம்தான், ஆனால் ஒரு நல்ல சான்றிதழ் வாங்கிக்கொண்டு.

சான்றிதழ் என்றதும் ஆயிரம் ரூபாய்க்கு "120 மணி நேர டெஃபில்" என்று ஆங்கிலம் கற்பித்தல் சான்றிதழ் விற்கும் தளங்கள் வரும். அதை வாங்கிச் சேர்ப்பதால் நஷ்டம் பெரிதில்லை, லாபமும் பெரிதில்லை. கேம்பிரிட்ஜின் செல்டா படிப்பில் குறைந்தது 120 மணி நேரப் பயிற்சியும், அதில் ஆறு மணி நேரம் உண்மையான மாணவர்களுக்கு மதிப்பீட்டாளர் முன்னால் பாடம் எடுப்பதும் உண்டு, இப்போது ஆன்லைனிலும் படிக்கலாம். செலவு லட்சத்தைத் தாண்டும். இருபத்தைந்து வருடம் பலகை முன் நின்றவருக்கு இருபத்தாறு வயதுப் பயிற்சியாளர் "நீங்கள் அதிகம் பேசுகிறீர்கள், மாணவரைப் பேசவிடுங்கள்" என்று சொல்வது கசக்கும், ஆனால் நம்மில் பெரும்பாலோர் கேட்க வேண்டிய வாக்கியம் அது. மூன்று, நான்கு வருடமாவது வேலை பார்க்கும் எண்ணம் இருந்தால் மட்டும் அந்தச் செலவு செய்யுங்கள். ஹைதராபாத்தில் உள்ள ஆங்கிலம், அயல்மொழிகளுக்கான பல்கலைக்கழகத்தின் (எஃப்லு) ஆங்கிலம் கற்பித்தல் டிப்ளமோ ஏற்கெனவே இருந்தால் அதையே முன்னால் நிறுத்துங்கள்.

காகித வேலைகளுக்கு எல்லா நாட்டுக்கும் பொதுவாக மூன்று மாதம் ஒதுக்குங்கள். டிகிரி, பி.எட்., அனுபவச் சான்று, போலீஸ் சான்று. பழைய மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக வேறு மாதிரி என்பது நம் தலைமுறையின் தனிப் பிரச்சினை, அதை முதலில் சரிசெய்யுங்கள். ஓமன், பஹ்ரைன், சவூதிக்கு வெளிநாட்டில் ஆவணம் செல்ல வெளியுறவுத் துறை போடும் அப்போஸ்டில் முத்திரை போதும், அமீரகத்துக்குத் தூதரகச் சான்றொப்பமும் வேண்டும். மூடிப்போன பழைய பள்ளியின் அனுபவச் சான்று இல்லையென்றால் வருங்கால வைப்பு நிதிக் கணக்கின் பதிவு உதவும்.

ஏஜென்ட். அரசிடம் பதிவு பெற்றவரா என்று வெளியுறவுத் துறையின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள், சேவைக் கட்டணமாக அவர் வாங்கக்கூடியது அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கு ஜி.எஸ்.டி.யும்தான். இரண்டு லட்சம், மூன்று லட்சம் என்று பேச்சு எடுத்தாலே எழுந்து வந்துவிடலாம். 1978-இலிருந்து தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனம் சென்னையில் இருக்கிறது, அதில் பதிவு செய்துவைப்பதில் நஷ்டமில்லை.

நம் வயதுக்கென்று இருக்கும் பணக் கணக்கு வேறு. என்.ஆர்.ஐ. ஆகிவிட்டால் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் புதிதாகப் போட முடியாது, ஓய்வுப் பலன் பணத்தை அதில் போடும் எண்ணம் இருந்தால் கிளம்பும் முன்பே முடிவு செய்யுங்கள். ஓய்வூதியருக்கு வாழ்நாள் சான்று எந்த மாதம், வெளிநாட்டிலிருந்து எப்படிக் கொடுப்பது என்பதைக் கருவூலத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே இருக்கும் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் அங்கே செல்லாது, அதற்காக அதை நிறுத்திவிடவும் வேண்டாம். 2024 ஏப்ரலிலிருந்து 65 வயதுக்கு மேலும் புதிதாகப் பாலிசி வாங்கலாம் என்று விதி மாறியிருக்கிறது. வாங்கலாம் என்பது சரி, பிரீமியத்தைப் பார்த்தால் பழையதையே கட்டிக்கொண்டிருந்திருக்கலாம் என்று தோன்றும். வேலை கொடுப்பவரின் காப்பீடு ஏற்கெனவே உள்ள சர்க்கரை, ரத்தக் கொதிப்புக்குச் செல்லுமா என்று எழுத்தில் கேளுங்கள். நேர்காணலில் கேட்கக் கூச்சமாக இருந்தால், ஒப்பந்தம் வந்த பிறகு, கையெழுத்துக்கு முன்.

விண்ணப்பத்தில் வயதை மறைக்க வேண்டாம், பாஸ்போர்ட் நகல் எப்படியும் போகப் போகிறது. மாறாக 1996-இலிருந்து பார்த்த பள்ளிகளை எல்லாம் வரிசையாக எழுதி நான்கு பக்கம் ஆக்காதீர்கள், கடைசிப் பத்து வருடமும் அதில் தேர்வு முடிவுகளும் போதும். டெமோ வகுப்பு வீடியோ கேட்பார்கள். பத்து நிமிடம், மாணவர் பேசுவது நீங்கள் பேசுவதைவிட அதிகமாக இருக்கட்டும். மருத்துவப் பரிசோதனையை ஊரிலேயே ஒருமுறை முன்கூட்டிச் செய்துவிடுங்கள், நெஞ்சு எக்ஸ்-ரேயில் பழைய காசநோய்த் தழும்பு இருந்தால் வளைகுடா விசா அங்கேயே நின்றுவிடும், அதை வேலையை விட்ட பிறகு தெரிந்துகொள்வதில் அர்த்தமில்லை. ஒப்பந்தத்தை நடுவில் முறிக்க நேர்ந்தால் திரும்பும் டிக்கெட் யார் செலவு என்ற வரியைத் தேடிப் படியுங்கள். அந்த வரி இல்லையென்றால், சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.